சிசிடி2-ஐத் தேடும் லேபிள் ஒட்டிய ஆன்டிபாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரதங்களை மடித்துக் கொடுக்கும் ட்ரிக் என்ற ஷாப்பரோனின் ஓர் அலகு சிசிடி2. அதைக் கண்டுபிடிக்க ஒளிர்சாயமோ நொதியோ நேரடியாக ஒட்டிய ஆன்டிபாடிகள் (எதிர்ப்பொருள்கள்) புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ட்ரிக்கின் மற்ற அலகுகளுக்கான ஆன்டிபாடிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

சிசிடி2 என்றால் என்ன? அதை ஏன் தேட வேண்டும்?

ரைபோசோமிலிருந்து வெளிவரும் புரதம் ஒரு நீளமான அமினோ அமிலச் சங்கிலிதான். அது சரியான வடிவத்துக்கு மடிந்தால்தான் வேலைக்கு ஆகும். சில புரதங்கள் தாமாகவே மடிந்துகொள்ளும். 1972-இல் வேதியியல் நோபல் பெற்ற கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் சோதனைக் குழாயில் காட்டியது அதைத்தான். ஆனால் செல்லுக்குள் இருக்கும் நெரிசல் சோதனைக் குழாயில் கிடையாது. அரைகுறையாக மடிந்த சங்கிலி பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். செல்லுக்கு எலும்புக்கூடாக நிற்கும் ஆக்டினும் டியூபுலினும் ட்ரிக் இல்லாமல் சரியாக மடிவதே இல்லை.

ட்ரிக் பார்ப்பதற்கு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு வளையங்கள் போல இருக்கும். ஒவ்வொரு வளையத்திலும் 8 அலகுகள், ஆக மொத்தம் 16. ஒவ்வொரு அலகும் 55 முதல் 60 கிலோடால்டன் வரை வரும் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அளவீடு). முழு இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 10 லட்சம் டால்டன். நடுவில் ஒரு குழி, அதற்கு மூடி. செல்லின் எரிபொருளான ஏடிபி-யைச் செலவழித்து மூடி மூடும்போது உள்ளே இருக்கும் புரதம் தனியறையில் மடிகிறது. பாக்டீரியாவில் இதே வேலையைச் செய்யும் குரோஇஎல் என்ற ஷாப்பரோனுக்குக் குரோஇஎஸ் என்ற தனி மூடி தேவை. ட்ரிக்கில் மூடி அலகுகளோடு சேர்ந்தே பிறந்தது.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், குரோஇஎல்லின் 14 அலகுகளும் ஒரே மாதிரியானவை. ட்ரிக்கின் ஒரு வளையத்தில் இருக்கும் 8 அலகுகளும் எட்டு வெவ்வேறு மரபணுக்களிலிருந்து வருபவை. அவை வளையத்தில் அமரும் வரிசையும் மாறாது. சிசிடி2 அவற்றில் ஒன்று, பீட்டா என்றும் அழைப்பார்கள். மனிதர்களில் 535 அமினோ அமிலங்கள், சுமார் 57 கிலோடால்டன், மரபணு 12-ஆம் குரோமோசோமில்.

தேடுவதற்கான காரணம் ஆளுக்கு ஆள் வேறு. புற்றுநோய்ச் செல்களில் அளவு கூடுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. சிசிடி2 மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் பிறவியிலேயே பார்வையைப் பாதிக்கும் லீபர் நோயோடு தொடர்புடையவை என்பதால் விழித்திரையில் தேடுபவர்களும் உண்டு. 2022-இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. கட்டியாகிப்போன புரதங்களைச் செல்லின் குப்பை அகற்றும் பாதைக்குள் அனுப்ப, சிசிடி2 வளையத்தை விட்டுத் தனியாக நின்று உதவுகிறது என்று அந்த ஆய்வு சொன்னது.

ஷாப்பரோன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இளம்பெண்கள் வெளியே போகும்போது தகாத சகவாசம் வராமல் கூடவே போகும் மூத்த பெண்மணியை ஐரோப்பாவில் அப்படி அழைப்பார்கள். ரான் லாஸ்கியும் கூட்டாளிகளும் 1978-இல் நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதத்துக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். பொருத்தமான பெயர்தான். கூடப் போகும், காரியம் முடிந்ததும் விலகிவிடும்.

எச்எஸ்பி60-உம் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது, காரணமும் இருக்கிறது. இரண்டும் வளைய வடிவ ஷாப்பரோன்கள், இரண்டும் புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் கிட்டத்தட்ட 60 கிலோடால்டன் பக்கத்தில் நிற்கும். எச்எஸ்பி60 மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது, குரோஇஎல்லின் நெருங்கிய சொந்தம். சிசிடி2 சைட்டோபிளாசத்தில், அதாவது உட்கருவுக்கு வெளியே செல்லை நிரப்பும் பகுதியில் இருப்பது. நுண்நோக்கியில் நூல் நூலாக, புழு புழுவாகத் தெரிந்தால் அது மைட்டோகாண்ட்ரியா. சிசிடி2 ஆன்டிபாடி அப்படிக் காட்டினால் ஏதோ தவறு நடந்திருக்கிறது.

லேபிள் ஒட்டிய ஆன்டிபாடி சாதாரண ஆன்டிபாடியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சாதாரண முறையில் முதல் ஆன்டிபாடி சிசிடி2-ஐப் பிடிக்கும். அதை இரண்டாவது ஆன்டிபாடி பிடிக்கும். சாயமோ நொதியோ இரண்டாவதில்தான் இருக்கும். லேபிள் ஒட்டியதில் இரண்டாவது ஆளே கிடையாது, முதலாவதே விளக்கையும் தூக்கிக்கொண்டு வருகிறது. முறை புதிதல்ல. ஆல்பர்ட் கூன்ஸ் 1941-லேயே ஒளிர்சாயம் ஒட்டிய ஆன்டிபாடியால் நிமோனியாக் கிருமிகளைக் காட்டிவிட்டார்.

ஒரு படி குறைவு, ஒரு முறை கழுவுவது குறைவு. ஒரே விலங்கில் தயாரான இரண்டு ஆன்டிபாடிகளை ஒரே மாதிரியில் போடலாம். எலித் திசுவில் எலி ஆன்டிபாடியைப் போட்டால் இரண்டாவது ஆன்டிபாடி திசுவில் ஏற்கெனவே இருக்கும் எலி ஐஜிஜி-யையெல்லாம் (இரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஆன்டிபாடி வகை) பிடித்துத் தொலைக்கும். லேபிள் ஒட்டியதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு முதல் ஆன்டிபாடி மேல் பல இரண்டாவது ஆன்டிபாடிகள் ஏறுவதால் கிடைக்கும் பெருக்கமும் போய்விடும். குறைவாக இருக்கும் புரதத்துக்கு அது பெரிய நஷ்டம். சிசிடி2 செல்லில் தாராளமாக இருப்பதால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

எந்த லேபிளை எடுப்பது?

என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (ஜெல்லில் பிரித்த புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் முறை) எச்ஆர்பி என்ற நொதி. நுண்நோக்கிக்கும், செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் ஒளிர்சாயம். பெருக்கம் வேண்டும் என்றால் பயோட்டின் என்ற வைட்டமின், அதை ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் இறுகப் பிடிக்கும்.

ஒளிர்சாயங்களில் எஃப்ஐடிசி பழைய ஆள். சுமார் 495 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சி 519 பக்கம் பச்சையாக ஒளிரும். மலிவானது, எல்லா நுண்நோக்கியிலும் வடிகட்டி இருக்கும். இரண்டு பலவீனங்கள். கொஞ்ச நேரம் ஒளி பட்டாலே வெளிறிவிடும். அமிலத்தன்மை கூடினால், அதாவது பிஎச் 7-க்குக் கீழே போனால், மங்கிவிடும். மாதிரியை மூடும் முன் ஸ்லைடில் விடும் மவுன்டிங் திரவம் சற்றுக் காரமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அலெக்ஸா ஃப்ளூர் 488 அதே நிறத்தில் இருக்கும், ஆனால் பிஎச் மாறினாலும் அசையாது, வெளிறுவதும் மெதுவாக. இரண்டும் கிடைக்கும் என்றால் நான் யோசிக்காமல் 488-ஐத்தான் எடுப்பேன்.

பச்சையில் இன்னொரு தலைவலி, செல்களே அந்த நிறத்தில் கொஞ்சம் ஒளிரும். ஃபிளேவின்கள் ஒரு காரணம், வயதான திசுக்களில் சேரும் லிப்போஃபஸின் என்ற நிறமி இன்னொரு காரணம். கல்லீரல், மூளை, விழித்திரை என்று போகிறவர்கள் 647 போன்ற தூரச் சிவப்புச் சாயத்துக்குப் போவது நல்லது. ஒரே எச்சரிக்கை: 647-இன் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கேமராவில்தான் தெரியும். கண்வில்லை வழியே பார்த்துவிட்டு "ஒன்றுமே ஒட்டவில்லை" என்று ஸ்லைடைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

ஃபைக்கோஎரித்ரின் மிகவும் பிரகாசமானது. ஆனால் அதுவே சுமார் 240 கிலோடால்டன், அதைச் சுமந்து வரும் ஐஜிஜி 150 தான். இந்தப் பெரிய மூட்டை செல்லுக்குள் நுழைந்து சிசிடி2-ஐத் தேட வேண்டும். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களுக்கு அருமையாக வேலை செய்யும். உள்ளே இருப்பவற்றுக்குச் சிறிய சாயம்தான் என் தேர்வு.

சிசிடி2-ஐ மட்டும்தான் பிடிக்குமா? மற்ற ஏழு அலகுகளையும் பிடித்துவிட்டால்?

நியாயமான பயம். எட்டு அலகுகளும் ஒரே மூதாதையரிடமிருந்து வந்தவை, ஒன்றுக்கொன்று சுமார் 30 சதவீத ஒற்றுமை இருக்கிறது. ஏடிபி அமரும் இடத்தைச் சுற்றிய பகுதிகள் மிகவும் ஒத்துப்போகும். புரதத்தைப் பிடிக்கும் மேல் பகுதிதான் அலகுக்கு அலகு அதிகம் மாறுகிறது. எனவே ஆன்டிபாடி எந்தத் துண்டைக் காட்டித் தயாரிக்கப்பட்டது என்று தரவுத்தாளில் பாருங்கள். அந்த வரிசையை மற்ற ஏழோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இதன் மறுபக்கம், ஒரே அலகு இனத்துக்கு இனம் அதிகம் மாறுவதில்லை. மனிதச் சிசிடி2-க்கும் எலிச் சிசிடி2-க்கும் வித்தியாசம் மிகக் குறைவு. மனிதனுக்கென்று செய்த ஆன்டிபாடி எலியிலும் வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது. இருந்தாலும் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

சைட்டோபிளாசம் முழுக்க ஒரே சீராகப் பச்சையாக ஒளிர்கிறது. சரியாக வந்திருக்கிறதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

சிசிடி2 சைட்டோபிளாசம் முழுக்கப் பரவியிருக்கும் புரதம். உண்மையான சாயமேற்றம் சைட்டோபிளாசம் முழுக்க மங்கலான, மென்மையான ஒளியாக, உட்கருவில் குறைவாகத் தெரியும். இப்போது இலக்கைப் பிடிக்காமல் கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆன்டிபாடி எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் சைட்டோபிளாசம் முழுக்க மங்கலான, மென்மையான ஒளிதான். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

டியூபுலினுக்குச் சாயம் ஏற்றினால் இழை இழையாகத் தெரியும். தவறாக ஒட்டியிருந்தால் இழை தெரியாது, உடனே சந்தேகம் வரும். லாமினுக்குச் சாயம் ஏற்றினால் உட்கருவைச் சுற்றி வளையம் தெரியும். அங்கே வடிவமே சாட்சி சொல்கிறது. சிசிடி2-இல் அப்படிச் சாட்சி சொல்ல எதுவும் இல்லை. அதிலும் லேபிள் நேரடியாக ஒட்டியிருக்கும்போது ஆபத்து கூடுகிறது. சாயம் அளவுக்கு மீறி ஏறிய ஆன்டிபாடி எதன் மேலும் பசைபோல ஒட்டும் சுபாவம் கொண்டது. இலக்கைப் பிடித்த விளக்கும் எரியும், சும்மா சிக்கிக்கொண்ட விளக்கும் எரியும்.

ஆகவே இந்த ஆன்டிபாடிக்கு நீங்கள் செலவிடும் நேரத்தில் பாதி கட்டுப்பாட்டுச் சோதனைகளுக்குப் போக வேண்டும். படம் அழகாக வந்திருக்கிறது என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல.

சரி, என்னென்ன கட்டுப்பாடுகள் வைக்க வேண்டும்?

முதலில் எதுவும் போடாத செல்கள். அவற்றின் சொந்த ஒளி எவ்வளவு என்று தெரிய வேண்டும். அடுத்து ஐசோடைப் கட்டுப்பாடு: அதே விலங்கு, அதே ஐஜிஜி வகை, அதே சாயம், அதே செறிவு, ஆனால் சிசிடி2-ஐப் பிடிக்காதது. சாயம் ஏறிய அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்றில் மூலக்கூறுக்கு 3 சாயம், இன்னொன்றில் 7 என்றால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

இவை இரண்டும் துணை நடிகர்கள்தான். கதாநாயகன் சிசிடி2-ஐக் குறைத்த செல்கள். முழுவதுமாக நீக்க முடியாது, ட்ரிக் இல்லாமல் செல்கள் பிழைக்காது. எனவே சிசிடி2 உருவாவதைத் தடுக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ-வைப் போட்டு இரண்டு மூன்று நாட்கள் காத்திருந்து, அளவு குறைந்த செல்களையும் குறையாதவற்றையும் ஒரே அமைப்பில் படம் எடுங்கள். ஒளி குறைந்தால் நம்பலாம். குறையவில்லை என்றால் நீங்கள் இதுவரை பார்த்தது வேறு ஏதோ. ஒன்றுக்குப் பதில் இரண்டு வெவ்வேறு எஸ்ஐஆர்என்ஏ வரிசைகளைப் போடுவது இன்னும் நல்லது.

ஒரு நுணுக்கம் உண்டு. ட்ரிக்கின் ஓர் அலகைக் குறைத்தால் மற்ற அலகுகளும் கூடவே குறையக்கூடும், ஏனென்றால் வளையம் கூடாமல் அவற்றால் நிலைக்க முடிவதில்லை. ஆகவே எஸ்ஐஆர்என்ஏ சோதனையில் ஒளி குறைந்தது என்பது "ட்ரிக் அலகு ஒன்றைப் பிடிக்கிறது" என்று நிரூபிக்கும். "சிசிடி2-ஐ மட்டும்தான் பிடிக்கிறது" என்று நிரூபிக்காது. அதற்கு டேக் (அடையாளத் துண்டு) ஒட்டிய சிசிடி2-ஐச் செல்லில் உருவாக்கி, டேக்கின் ஒளியும் ஆன்டிபாடியின் ஒளியும் ஒன்றாகக் கூடுகின்றனவா என்று பார்க்கலாம். அல்லது ஆன்டிபாடி பிடித்து இழுத்ததை, எடையை வைத்துப் புரதங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் போட்டுப் பார்க்கலாம்.

தடுப்புப் பெப்டைடு (பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு) பற்றியும் கேட்பார்கள். ஆன்டிபாடியைத் தயாரித்த பெப்டைடையே கலந்துவிட்டால் ஒளி மறைய வேண்டும் என்பது அதன் கணக்கு. மறைந்தால் ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். செல்லில் வேறொரு புரதத்தை அதே கையால் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதுவும் மறையத்தான் செய்யும்.

வெஸ்டர்ன் பிளாட்டில் எங்கே பட்டை வரும்?

57 கிலோடால்டன் பக்கத்தில், ஒற்றைப் பட்டையாக. கொதிக்கவைத்து எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைச் சேர்த்ததும் வளையம் உடைந்து தனித்தனி அலகுகளாகிவிடும், 10 லட்சம் டால்டனை அங்கே தேடாதீர்கள்.

பிளாட்டில் எந்தப் புரதத்தை ஒப்பீட்டுக்கு வைப்பது? வழக்கம்போல ஆக்டின்?

வேண்டாம்! ட்ரிக்கைக் குறைக்கும் சோதனை என்றால் ஆக்டினும் டியூபுலினும் அதன் நேரடி வாடிக்கையாளர்கள். மடித்துக் கொடுக்கும் இயந்திரம் குறைந்தால் அவற்றின் அளவும் நிலையும் மாறலாம். ஜெல்லின் எல்லாக் குழிகளிலும் சம அளவு புரதம் போட்டோமா என்று பார்க்க வைத்த அளவுகோலே சுருங்கினால் கணக்கு எப்படி நிற்கும்? சவ்வில் இருக்கும் மொத்தப் புரதத்துக்கும் பான்சோ போன்ற சாயம் போட்டு அதை அடிப்படையாக வையுங்கள். பழக்கதோஷத்தில் ஆக்டினைப் போட்டு, பிறகு விமர்சகரிடம் மாட்டிக்கொள்வது இந்தத் துறையில் சகஜம்.

இம்யூனோபிரசிப்பிடேஷனுக்கு, அதாவது ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்து இழுக்கும் சோதனைக்கு, பயன்படுத்தலாமா?

இரண்டு விஷயங்கள். ஒன்று சாதகம். பிடித்து இழுத்த பிறகு பிளாட் போட்டால், இழுக்கப் பயன்படுத்திய ஆன்டிபாடியின் கனச் சங்கிலி (அதன் பெரிய துண்டு) 50 கிலோடால்டனில் பெரிய பட்டையாக வந்து நிற்கும். சிசிடி2 அதற்குச் சற்று மேலேதான், இரண்டும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். அந்தக் கனச் சங்கிலியைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது ஆன்டிபாடி. எச்ஆர்பி நேரடியாக ஒட்டிய சிசிடி2 ஆன்டிபாடியால் பிளாட்டைத் தேடினால் அந்தப் பட்டை எழுவதில்லை. லேபிள் ஒட்டியதை வாங்க இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

இன்னொன்று பாதகம். ட்ரிக் கூடியிருக்கும்போது அலகுகளின் முனைகள் பெரும்பாலும் குழியின் உட்பக்கம் நோக்கி இருக்கும். புரதத்தின் கடைசி முனைப் பெப்டைடைக் காட்டித் தயாரித்த ஆன்டிபாடி, பிரித்துப்போட்ட சிசிடி2-ஐப் பிளாட்டில் அருமையாகப் பிடிக்கும். முழு வளையத்தை இழுக்கச் சொன்னால் கைவிரித்துவிடும், ஏனென்றால் பிடிக்க வேண்டிய இடம் அறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. பிளாட்டில் வேலை செய்தது இதிலும் செய்யும் என்று நம்பி ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிக்னலே இல்லை. ஏன்?

செல்லைத் துளைத்தீர்களா? சிசிடி2 உள்ளே இருப்பது. 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, பிறகு டிரைட்டான் அல்லது சாப்போனின் போட்டுச் சவ்வைத் திறக்க வேண்டும். சாப்போனின் போட்ட துளைகள் கழுவினால் மூடிக்கொள்ளும், ஆகவே ஆன்டிபாடியோடும் கழுவும் திரவத்தோடும் அது கூடவே இருக்க வேண்டும். செத்த செல்கள் எல்லா ஆன்டிபாடியையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், நிலைப்படுத்துவதற்கு முன்பே அவற்றை அடையாளம் காட்டும் சாயத்தைப் போட்டுவிடுங்கள். இரத்தச் செல்கள் என்றால் ஆன்டிபாடியின் வால் பகுதியைப் பிடிக்கும் எஃப்சி ஏற்பிகளைத் தடுப்பதும் அவசியம்.

பயோட்டின் ஒட்டியதைத் திசுவில் போட்டேன். கல்லீரல் முழுக்க நிறம்!

அது உங்கள் ஆன்டிபாடியின் குற்றமாக இல்லாமலும் இருக்கலாம். கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இயற்கையாகவே பயோட்டின் நிறைய உண்டு. மைட்டோகாண்ட்ரியாவின் கார்பாக்சிலேஸ் நொதிகள் பயோட்டினைச் சுமந்துகொண்டு இருப்பவை, ஸ்ட்ரெப்டாவிடின் அவற்றையும் விடாமல் பிடிக்கும். வெஸ்டர்ன் பிளாட்டிலும் 130-க்கும் 75-க்கும் பக்கத்தில் பட்டைகள் வந்தால் இவர்கள்தான். அவிடின்-பயோட்டின் தடுப்பு போட்டுப் பாருங்கள். சிசிடி2 ஆன்டிபாடியைச் சேர்க்காமல் ஸ்ட்ரெப்டாவிடினை மட்டும் போட்டு ஒரு துண்டை ஓட்டினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அப்புறம், தடுக்கும் திரவமாகப் பால்பொடியைக் கரைக்க வேண்டாம், பாலிலும் பயோட்டின் இருக்கிறது.

எவ்வளவு நீர்க்க வேண்டும்?

தரவுத்தாளில் இருப்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. 1:50, 1:100, 1:200, 1:400, 1:800 என்று ஒரு வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் அதே செறிவில் ஐசோடைப்பையும் ஓட்டுங்கள். அதிகப் பிரகாசம் தரும் நீர்ப்பு அளவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிசிடி2-க்கும் ஐசோடைப்புக்கும் இடைவெளி எங்கே அதிகமோ அதைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்ததைவிட நீர்த்ததாகவே இருக்கும், ஆன்டிபாடியும் மிச்சமாகும்.

நானே சாயத்தை ஒட்டிக்கொள்ளலாமா?

ஒட்டலாம், கடினமில்லை. வழக்கமான சாயங்கள் லைசின் அமினோ அமிலங்களில் போய் ஒட்டும். ஆகவே ஆன்டிபாடிக் குப்பியில் வேறு அமீன்கள் இருக்கக் கூடாது. டிரிஸ், கிளைசின், நிலைப்படுத்தச் சேர்த்த பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) எல்லாம் சாயத்தைக் கபளீகரம் செய்துவிடும். பிஎஸ்ஏ கலந்த ஆன்டிபாடிக்குச் சாயம் ஒட்டினால், நீங்கள் அருமையாக ஒளிரும் பிஎஸ்ஏ-வைத் தயாரித்திருப்பீர்கள்.

ஒட்டி, ஒட்டாத சாயத்தை நீக்கிய பிறகு எத்தனை ஏறியது என்று கணக்கிடுங்கள். அலெக்ஸா 488-ஐ எடுத்துக்கொள்வோம். 1 சென்டிமீட்டர் குவெட்டில் (அளவிடும் சிறு கலம்) 280 நானோமீட்டரில் உறிஞ்சல் 0.80, 494-இல் 1.42 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயத்தின் உறிஞ்சல் எண் 71,000. எனவே சாயத்தின் செறிவு 1.42-ஐ 71,000-ஆல் வகுத்தால் 20 மைக்ரோமோலார். சாயமும் 280-இல் கொஞ்சம் உறிஞ்சும், அதற்கு 1.42-இல் 0.11 பங்கைக் கழிக்க வேண்டும். 0.80-இல் 0.156 போனால் 0.644. ஐஜிஜி-யின் எண் 2,10,000, வகுத்தால் சுமார் 3.07 மைக்ரோமோலார். ஆக ஓர் ஆன்டிபாடிக்குச் சுமார் 6.5 சாயம். நல்ல எண்.

12, 15 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்த சாயங்கள் ஒன்றின் ஒளியை ஒன்று விழுங்கும். இலக்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் லைசினிலும் சாயம் ஏறிவிட்டால் பிடியே தளர்ந்துவிடும். முன்பு சொன்ன பசைக்குணமும் அப்போதுதான் தலைகாட்டும்.

எப்படிச் சேமிப்பது?

இருட்டில். ஒளிர்சாயம் எதுவானாலும் அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். கிளிசரால் பாதியளவு கலந்தது என்றால் மைனஸ் 20-இல் உறையாமல் இருக்கும். மற்றவற்றைத் தரவுத்தாள் உறைய வைக்கச் சொன்னால் மட்டும், ஒருமுறை பயன்படுத்தும் அளவுக்குச் சிறு பகுதிகளாகப் பிரித்து உறைய வையுங்கள், திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் ஆன்டிபாடி கட்டியாகும். ஃபைக்கோஎரித்ரின் ஒட்டியதை எந்தக் காரணத்துக்கும் உறைய விடாதீர்கள், 4 டிகிரியில் வையுங்கள். பழைய குப்பியைப் பயன்படுத்தும் முன் ஒருமுறை மையவிலக்கில் சுழற்றி மேலே இருப்பதை மட்டும் எடுத்தால் ஸ்லைடில் பொட்டுப் பொட்டாக வரும் ஒளிப்புள்ளிகள் குறையும்.

சோடியம் அசைடு சேர்க்கலாமா?

ஒளிர்சாயத்துக்குச் சேர்க்கலாம். எச்ஆர்பி-க்குக் கூடாது, அந்த நொதியையே அது முடக்கிவிடும்.

சிசிடி2 கூடினால் ட்ரிக் கூடியது என்று சொல்லலாமா?

ஆன்டிபாடி எண்ணுவது சிசிடி2-ஐ. அது வளையத்தில் இருக்கிறதா, தனியாகத் திரிகிறதா என்று அதற்குத் தெரியாது. தனியாக நின்று வேறு வேலையும் பார்க்கிறது என்ற செய்தி வந்த பிறகு இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எஸ்டிஎஸ் இல்லாத நேட்டிவ் ஜெல்லிலோ சுக்ரோஸ் அடுக்கிலோ அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தால் மேலே 10 லட்சம் டால்டன் பக்கம் எவ்வளவு, கீழே தனி அலகாக எவ்வளவு என்று பிரியும். குறைந்தபட்சம் இன்னும் இரண்டு அலகுகளையாவது கூடவே அளந்து, எல்லாம் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். சிசிடி2 மட்டும் ஏறினால் அதுவே சுவாரசியமான சேதி.

நோயாளியின் மாதிரியில் போட்டு நோயைக் கண்டறியலாமா?

முடியாது. இவை ஆய்வுக்கு மட்டும் என்று விற்கப்படுபவை. குப்பியிலேயே எழுதியிருக்கும்.

கட்டுரையில் முறைகளை எழுதும்போது என்னென்ன குறிப்பிட வேண்டும்?

"சிசிடி2 ஆன்டிபாடி பயன்படுத்தப்பட்டது" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. விலங்கு, மோனோகுளோனலா (ஒரே செல்வழி வந்ததா) பாலிகுளோனலா (பல செல்வழிகளின் கலவையா), குளோன் பெயர், பட்டியல் எண், தொகுதி எண், ஆர்ஆர்ஐடி (ஆய்வுப் பொருள்களுக்கான அடையாள எண்), எந்தச் சாயம், இறுதிச் செறிவு மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம். 1:200 என்று மட்டும் எழுதாதீர்கள், குப்பியில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் 200-இல் ஒன்று என்றால் எதில் ஒன்று? பாலிகுளோனல் என்றால் தொகுதி எண் மிக முக்கியம், அடுத்த தொகுதி வேறொரு விலங்கின் இரத்தத்திலிருந்து வந்திருக்கலாம். எஸ்ஐஆர்என்ஏ போட்ட செல்களின் படத்தைத் துணைக் கோப்பில் ஒளித்து வைக்காமல் முதல் படத்திலேயே, அதே ஒளி அமைப்பில், பக்கத்தில் போடுங்கள்.